குடத்தில் விழாத ஓலைகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்திலேயே அறிந்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. பிராமணக் குடியிருப்பான அவ்வூரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படித்தான் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அமைந்தன. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவற்றோடு ஒரு வயது வரம்பும் இருந்தது: 35க்கு மேல், 70க்குள்.

பெண்ணின் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. ஆனாலும் கல்வெட்டில் பெண்கள் உண்டு. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கும் பகுதியில் சிற்றன்னை, பெரியன்னை, உடன்பிறந்தாள், மகள் என்று வருகிறார்கள். எந்த ஆண் எவனுக்கு உறவு என்று சொல்வதற்கு மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

35 முதல் 70 வரை ஆணுக்கு முதிர்ச்சியின் காலம், ஊரை ஆளும் காலம். அதே வயதுப் பெண்ணை நம் காலத்துப் பதிவேடுகள் எப்படிப் பார்த்தன? 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் முதன்மையாக 15 முதல் 35 வயதினரைக் குறிவைத்தது. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்துக்கொண்ட சாக்ஷர் பாரத் திட்டம் 2009இல்தான் வந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் விரிவாகக் கேள்வி கேட்பது 15 முதல் 49 வயது வரை. பிள்ளை பெறும் வயது முடிந்ததும் கேள்வியும் முடிந்துவிடுகிறது.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. ‘மெனோபாஸ்’ என்ற சொல்லை கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் “நின்னுபோச்சு” என்ற ஒரு சொல்லோடு சரி. உடம்பு திடீரென்று கொதிப்பது, இரவில் வேர்த்துத் தூக்கம் கலைவது, மூட்டு வலி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் “வயசாச்சு” என்பதற்குள் அடங்கிவிடும். நாற்று நடுகிறவளுக்கு வெயிலின் சூடு எது, உடம்பின் சூடு எது என்று பிரித்துச் சொல்லவும் ஆளில்லை.

இந்த வயதுப் பெண்கள் வாரந்தோறும் கூடி உட்கார ஓர் இடம் பிறகு கிடைத்தது. 1989இல் தர்மபுரியில் தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்த சுயஉதவிக் குழுக்கள்தான் அது. கடனும் வட்டியும் அவர்கள் தோளில் ஏற்றிய சுமை தனிக்கதை. ஆனால் தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு என்று எழுத்து அவர்கள் கைக்கு வந்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடப் பழகினார்கள். பக்கத்தில் உட்காருகிறவளிடம் “உனக்கும் இப்படித்தானா அக்கா?” என்று கேட்கவும் முடிந்தது.

அந்தப் பேச்சு நோட்டில் ஏறுவதில்லை. ஏறவேண்டும் என்பதே என் வாதம். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்கிறது மருத்துவம். அதற்குப் பிறகு சிறிது ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில வேளை அது கருப்பைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கும். கடைசித் தேதியை எழுதி வைத்தவளால்தான் 12 மாதத்தை எண்ண முடியும். தவணைத் தேதியை மறக்காத நமக்கு இந்தத் தேதி நினைவில் இருப்பதில்லை. ஆளுக்கொரு சிறு நோட்டில் தேதியும் தூக்கமும் வலியும் எழுதிக்கொண்டு, விரும்பியதைக் கூட்டத்தில் படிக்கலாம். எழுதத் தெரியாதவள் சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுதித் தரலாம்.

1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு மீண்டு வந்தவர், மற்றப் பெண்களை மீட்க எழுத்தைக் கையில் எடுத்தார். நடுவயது எழுதத் தொடங்கும் வயது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2016இல் வந்தது. உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அதன்படி 2021 அக்டோபரில் வாக்களித்தன. குடத்துக்குள் நம் பெயர் விழ ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் ஆயின. உடம்பின் கணக்கையும் வேறொருவர் வந்து எழுதுவார் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டும் பேனாவும் நம்மிடமே இருக்கின்றன.