யார் காசில் ஆலோசனை?

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஹார்வர்டில் சேர ஆலோசகர் யாரும் தேவைப்படவில்லை. லத்தீன், கணிதம் என்று சில பாடங்களில் நுழைவுத் தேர்வு, தேறினால் இடம். ஒன்றிரண்டு பாடங்களில் சறுக்கினாலும், பிறகு எழுதித் தேறிக்கொள்ளச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். பையன் எக்ஸெட்டர், குரோட்டன் போன்ற பணக்கார விடுதிப் பள்ளியில் படித்தவன் என்றால் கவலையே இல்லை. மற்றதைத் தலைமையாசிரியரின் கடிதம் பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் 1920களில் தொடங்கியது. 1900இல் ஹார்வர்டு மாணவர்களில் யூதர்கள் சுமார் 7 சதவீதம். 1922இல் அது 20 சதவீதத்தைத் தாண்டியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் தேர்வு எழுதித் தேறி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவலுக்கு இது பிடிக்கவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தார். வெளிப்படையான வரம்புக்கு ஆசிரியர் குழு சம்மதிக்காததால் சுற்றுவழியில் போனார். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். பிறந்த பிறகு உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டிருக்கிறதா, விளக்கமாக எழுதுங்கள் என்றொரு கேள்வியும் படிவத்தில் ஏறியது. 1926இல் முதலாண்டுக்கு ஆயிரம் பேர்தான் என்று எண்ணிக்கையைக் கட்டிப்போட்டு, 'குணநலன்' பார்த்து எடுக்கும் அதிகாரத்தையும் சேர்க்கை அலுவலகம் கையில் எடுத்துக்கொண்டது.

சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோஸன்' என்ற ஆய்வு நூல் இந்தக் கதையை ஆவணங்களோடு சொல்கிறது. விண்ணப்பக் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, தலைமைப் பண்பு என்று இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பெருமையோடு சொல்லும் 'முழுமையான மதிப்பீடு' சில பேரை வெளியே நிறுத்துவதற்காக எழுந்த ஏற்பாடு. மதிப்பெண் வெட்டொன்று துண்டிரண்டாக முடிவு சொன்னவரை இடைத்தரகருக்கு இடமில்லை. முடிவு மூடிய அறைக்குள் போன பிறகுதான், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆளுக்கு விலை ஏற்பட்டது.

விலை வாங்காத வழிகாட்டி அதற்கு முன்பே பாஸ்டனில் இருந்தார். பொறியியல் படித்து, வழக்கறிஞராகி, பேராசிரியராகவும் இருந்த ஃபிராங்க் பார்சன்ஸ், 1908 ஜனவரியில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில் ஒரு தொழில் வழிகாட்டி அலுவலகம் திறந்தார். செலவை ஏற்றவர் பாலின் அகாசிஸ் ஷா என்ற கொடையாளர். வருகிற இளைஞனை உட்காரவைத்து நீளமான கேள்விப் பட்டியலால் துருவி எடுப்பார் பார்சன்ஸ். முதலில் உன்னை அறிந்துகொள், அடுத்து வேலைகளைப் பற்றி அறிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை. அதே ஆண்டு இறந்துபோனார். அவர் புத்தகம் 1909இல்தான் வெளிவந்தது. இன்றைய ஆலோசகர்கள் செய்வது பெரும்பாலும் அந்த மூன்று படிகளைத்தான்.

அடுத்து அரசாங்கம் பணம் போட்டது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடித்துக் கல்லூரிக்கு அனுப்பும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தர நிதி ஒதுக்கியது. 250 முதல் 300 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று 1959இல் சிபாரிசு செய்தார் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட். தேசிய சராசரி அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. நெடுங்காலம் 400க்கு மேல்தான் நின்றது. கலிஃபோர்னியாவில் ஒரு கட்டத்தில் ஆயிரத்தை நெருங்கியது. அந்த ஒருவரே பாடவேளை அட்டவணையையும் பார்க்க வேண்டும், தேர்வுகளையும் நடத்த வேண்டும், பையன்களின் சண்டையையும் தீர்க்க வேண்டும்.

அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் தனி ஆலோசகர் தொழில். பெற்றோரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் 1976இல் தங்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். தொடக்கத்தில் விடுதிப் பள்ளிக்கு இடம் தேடித் தருவதே முக்கிய வேலை. கல்லூரி பிறகு வந்தது. உறுப்பினராக முதுகலைப் பட்டமும் அனுபவமும் வேண்டும், கல்லூரி வளாகங்களை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், எந்தக் கல்லூரியிடமும் மாணவரைச் சேர்த்ததற்காகப் பணம் வாங்கக் கூடாது என்பவை சங்கத்தின் விதிகள். ஆனால் சங்கத்தில் சேராமலும் தொழில் செய்யலாம். முடி வெட்டுபவருக்கு உரிமம் கேட்கும் அமெரிக்க மாநிலங்கள் இவர்களிடம் ஒரு காகிதமும் கேட்பதில்லை!

1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து பொது விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. 1983இல் ஒரு வார இதழ் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. ஒரே படிவத்தில் பத்து இடங்களுக்குப் போடலாம் என்றதும் விண்ணப்பங்கள் குவிந்தன. குவியக் குவிய இடம் கிடைப்போர் விகிதம் சரிந்தது. சரியச் சரியப் பெற்றோரின் பயம் கூடியது. 2023இல் ஹார்வர்டு விண்ணப்பித்தவர்களில் 3.4 சதவீதத்தினரை மட்டுமே சேர்த்தது.

நல்ல ஆலோசகர் அப்படி என்னதான் செய்கிறார்? மதிப்பெண்ணையும் குடும்பத்தின் பண நிலையையும் வைத்துக்கொண்டு, எட்டாக் கனி, எட்டக்கூடியது, கட்டாயம் கிடைப்பது என்று மூன்று அடுக்காகப் பட்டியல் போடுகிறார். கட்டுரையைப் படித்து, இதில் அப்பாவின் குரல் கேட்கிறது, உன் குரலில் எழுது என்று திருப்பித் தருகிறார். எல்லாவற்றையும்விட, வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத கிரின்னெல், மெக்கலஸ்டர் மாதிரிக் கல்லூரிகளை மேசையில் வைக்கிறார். கொடுத்த காசுக்கு உண்மையான பலன் அந்த மூன்றாவது வேலையில்தான் இருக்கிறது. ஹார்வர்டின் பெயரைச் சொல்ல ஆலோசகர் எதற்கு?

ஆனால் பணம் புரண்டது ஹார்வர்டின் பெயரில்தான். சேர்க்கை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து கடை விரித்தார்கள். டார்ட்மத் கல்லூரியின் முன்னாள் உதவிச் சேர்க்கை இயக்குநர் மிஷேல் ஹெர்னாண்டஸ் 1997இல் உள்விவகாரங்களைப் புத்தகமாகவே எழுதினார். பிறகு கட்டணம் பல்லாயிரம் டாலர் என்றானது. 2006இல் வெளிவந்த ஒரு நாவலில் ஹார்வர்டுக்காகவே வளர்க்கப்படும் இந்திய வம்சாவளிப் பெண்தான் கதாநாயகி. எழுதியவர் சென்னையில் பிறந்த ஹார்வர்டு மாணவி. அவருடைய எழுத்தைப் பதிப்பு முகவரிடம் சேர்த்ததே அவர் குடும்பம் அமர்த்தியிருந்த கல்லூரி ஆலோசகர்! பல பகுதிகள் வேறொரு எழுத்தாளரின் நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரிந்ததும் பதிப்பகம் அதைத் திரும்பப் பெற்றது.

2019 மார்ச் 12 அன்று பாஸ்டனில் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்த சேர்க்கை மோசடி இதற்கெல்லாம் மேலே. கலிஃபோர்னியா ஆலோசகர் வில்லியம் ரிக் சிங்கர், முன்வாசல் திறமைக்கு, பின்வாசல் பெரும் நன்கொடைக்கு, தன்னிடம் இருப்பது பக்கவாசல் என்று பெற்றோரிடம் விற்றிருந்தார். பயிற்றுநர்களுக்கு லஞ்சம், துடுப்பைத் தொட்டறியாத பிள்ளைகளுக்குப் படகோட்டும் வீரர் வேடம், விடைத்தாளில் திருத்தம். 2011க்கும் 2018க்கும் இடையில் அவருக்குப் பெற்றோர் கொடுத்தது சுமார் 25 மில்லியன் டாலர். நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மன் 15,000 டாலர் கொடுத்ததற்காகச் சிறைக்குப் போனார். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு தண்டனை. பின்வாசல் நன்கொடை மட்டும் அன்றும் சட்டப்படி சரி, இன்றும் சரி.

காசில்லாத பிள்ளைகளுக்காகவும் சில முயற்சிகள் நடந்தன. 2005இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நிக்கோல் ஹர்ட் தொடங்கிய திட்டம், புதிதாகப் பட்டம் வாங்கியவர்களை அரசுப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர்களாக உட்காரவைத்தது. பொருளாதார அறிஞர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் தலைக்கு ஆறு டாலர் செலவில் ஏழை மாணவர்களுக்குத் தகவல் உறை அனுப்பினார்கள். 2013இல் நல்ல பலன் கிடைத்ததாக எழுதினார்கள். அதே உத்தியைக் காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. உறை போதவில்லை, எதிரில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆளுக்குக் காசு தருவது யார் என்பது தமிழ்ப் பெற்றோரையும் தொடும் கேள்வி. அரசின் கல்வி உதவி நிதியைப் பெறும் அமெரிக்கக் கல்லூரிகள், சேர்த்துவிட்ட தலைக்கு இவ்வளவு என்று ஆள்பிடிப்பவருக்குக் கமிஷன் கொடுப்பதை 1992லேயே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. 2013இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் மற்றொரு சங்கமும், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, வெளிநாடுகளில் கமிஷன் ஏஜென்டுகளை வைத்துக்கொள்ள வழிவிட்டது. சென்னை பையனைச் சேர்த்தால் கமிஷன் உண்டு, சிகாகோ பையனைச் சேர்த்தால் கிடையாது.

ஆகவே 'இலவச கவுன்சலிங்' என்று பலகை மாட்டிய அலுவலகத்தில் ஏறி உட்கார்ந்ததும், எந்தெந்தக் கல்லூரி உங்களுக்குப் பணம் தருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வாருங்கள்.