கோண அடைப்புக்குறிக்குள் ஒரு ஆய்வேடு

முனைவர் பட்ட ஆய்வேட்டை வேர்டில் அடிக்காமல் எக்ஸ்எம்எல்லில் எழுதலாம்னு சொன்னா, "உனக்கு வேற வேலையே இல்லையா?"ன்னுதான் கேப்பீங்க. ஆனா இந்தக் கதையில் நம்ம தென்சென்னைக்கும் பங்கு இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

1969ல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூணு பேர் சேர்ந்து ஜிஎம்எல்னு ஒரு குறிமொழியை உருவாக்கினாங்க (மூணு பேரோட முதலெழுத்தும் அந்தப் பேரிலேயே இருக்கு!). அது வளர்ந்து 1986ல் எஸ்ஜிஎம்எல் என்ற ஐஎஸ்ஓ தரமானது. அதை எளிமையாக்கி 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது. அடிப்படை ஒண்ணுதான்: எப்படித் தெரியணும்னு சொல்லாதே, அது என்னன்னு சொல்லு.

குறுந்தொகை என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டால் அது நூலின் பெயரா, அழுத்தமா, தலைப்பா என்று கணினிக்குத் தெரியாது. <நூல்>குறுந்தொகை</நூல்> என்று எழுதினால் தெரியும். (ஆமாங்க, குறிச்சொல்லைத் தமிழிலேயே வைக்கலாம். விதி அனுமதிக்குது.) ஆய்வேட்டில் வரும் நூல்களை எல்லாம் அப்புறம் ஒரே சொடுக்கில் அடைவாக்கிடலாம்.

இந்த மாதிரி வேலையில் நம்ம ஊர் கெட்டி. ஸ்பிரிங்கர் வெளியிடும் கணினியியல் மாநாட்டுத் தொகுதிகளில் 2000களில் வந்ததைப் புரட்டிப் பாருங்க. பலவற்றின் முன்பக்கத்தில், தரவு மாற்றம் செய்தது சயின்டிஃபிக் பப்ளிஷிங் சர்வீசஸ், சென்னை என்று இருக்கும். கொட்டிவாக்கத்தில் டிஎன்க்யூ நிறுவனம் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்தது. உலகத்து ஆராய்ச்சியை ஒழுங்குபடுத்துற கை நம்ம கை.

நம்ம தமிழ் ஆய்வேடு என்ன ஆச்சு? தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம்னு இங்கேயும் தமிழாய்வு நடந்துகிட்டுதான் இருந்தது. ஆனா அந்தக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்த பலரும் பாமினி மாதிரி எழுத்துருக்களைத்தான் நம்பினாங்க. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். எக்ஸ்எம்எல்லோ யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது.

யூனிகோடில் அடிச்சாலும் அச்சில் சிக்கல். 'கெ' என்பதில் முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்றுதான் கணினி சேமிக்கும். தாளில் கொம்பு முன்னால் வரணும். டாக்புக் வடிவில் எழுதினதை பிடிஎஃப் ஆக்க உதவும் அப்பாச்சி எஃப்ஓபி என்ற இலவசக் கருவிக்கு, இந்த மாதிரி வரிவடிவங்களைக் கையாளும் வசதி 2012ல் வந்த 1.1 பதிப்பில்தான் சேர்ந்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் இதே பாடுதான். முதலில் மயிலை போன்ற எழுத்துருக்கள், பிறகு தகுதரம், பிறகு யூனிகோடு என்று மாற வேண்டியிருந்தது. அங்கே மாத்தித் தர தன்னார்வலர்கள் இருந்தாங்க. தனி ஒருத்தரோட ஆய்வேட்டுக்கு யார் இருக்கா?

யுஜிசியின் 2009 விதிகளுக்குப் பிறகு ஆய்வேடுகள் சோத்கங்காவில் சேருது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர் எல்லாம் ஒழுங்கான குறிப்புகளாக இருக்கும். உள்ளே போனால் பிடிஎஃப். பழைய எழுத்துருவில் அடித்ததோ, வருடிப் போட்டதோ என்றால், அதுக்குள்ளே ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நாலஞ்சு வருஷ உழைப்பு, தேடுறவன் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

இப்போ ஆய்வேடு எழுதுற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்றேன். டாக்புக் எல்லாம் படிக்க நேரமில்லையா, பரவாயில்லை. 2007க்குப் பிறகான வேர்டு கோப்பும் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல்தான். ஒரு நகல் எடுத்து, டாக்எக்ஸ் என்ற பின்னொட்டை ஜிப் என்று மாத்தித் திறந்து பாருங்க. யூனிகோடில் அடிங்க. தலைப்பை வெறுமனே பெரிசாக்காமல் 'ஹெடிங்' பாணியைக் கொடுங்க. அடிக்குறிப்பைக் கையால் எண் போடாமல் அதற்கான கட்டளையில் சேருங்க. நாளைக்கு யாராவது அதை வேறு வடிவத்துக்கு மாத்தணும்னா, எது தலைப்பு, எது குறிப்புன்னு உங்களைத் தேடி வந்து கேட்க வேண்டியிருக்காது.