ஒரு மூளையா, பல மூளைகளா?

பழைய தொலைபேசி நிலையத்திற்குள் நுழைந்தவர்கள் ஓயாத 'டக், டக்' ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்த கருவிகள் எழுப்பிய ஒலி அது. சுழற்றும் ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு கருவி படிப்படியாக நகர்ந்து வழியைத் தேடும். ஆனால் வழி கிடைத்த பிறகும், பேச்சு முடியும் வரை அந்தக் கருவி வேறு எவருக்கும் உதவாது. வழிகாட்டியவரே பயணி ஊர் சேரும் வரை சந்தியில் காத்து நிற்பதுபோன்ற ஏற்பாடு இது!

இந்த வீணடிப்பைத் தவிர்க்க வழி உண்டா? 1938ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கத் தொடங்கிய கிராஸ்பார் நிலையம் விடை தந்தது. அதை உருவாக்கிய பெல் ஆய்வுக்கூடத்தினர், வழி தேடும் மூளையை வழியிலிருந்து தனியே பிரித்துவிட்டனர். 'மார்க்கர்' எனப்பட்ட அம்மூளை ஓர் அழைப்புக்கு வழி அமைத்துவிட்டு, ஒரு விநாடிக்குள் அடுத்த அழைப்பைக் கவனிக்கப் போய்விடும். ஆயினும் பெரிய நிலையத்திற்கு ஒரு மார்க்கர் போதவில்லை. பல வைக்க வேண்டியதாயிற்று. இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1969ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்ப்பாநெட் முதலான கணிப்பொறி வலையமைப்புகள் வேறு பாதையில் சென்றன. ஒவ்வொரு சந்தியிலும் இருந்த கருவி தகவல் பொட்டலத்தின் அடுத்த வழியைத் தானே முடிவு செய்தது. ஒரு சந்தி பழுதானாலும் மற்றவை இயங்கும் என்பது இதன் பெருமை. ஆனால் புதிய விதி ஒன்றைப் புகுத்த வேண்டுமானால், ஒவ்வொரு கருவியையும் தொட்டாக வேண்டும். எனவே 2007ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'எதேன்' என்ற அமைப்பில் மூளையை மீண்டும் தனியே பிரித்தனர். மறு ஆண்டில் 'ஓப்பன்ஃப்ளோ' என்ற பொது மொழி வெளிவந்தது. இனி ஸ்விட்ச் தன் பட்டியலிலுள்ள விதியை மட்டும் பின்பற்றும். பட்டியலில் இல்லாத புதிய ஓட்டம் வந்தால், கட்டுப்படுத்தி என்ற கணிப்பொறியிடம் வழி கேட்கும்.

பழைய சிக்கலும் உடனே திரும்பி வந்தது. நாக்ஸ் என்ற தொடக்ககாலக் கட்டுப்படுத்தி விநாடிக்குச் சுமார் 30,000 புதிய ஓட்டங்களைக் கவனித்தது. ஆனால் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 1,500 சர்வர்கள் கொண்ட ஒரே தொகுப்பில் விநாடிக்குச் சுமார் 1,00,000 ஓட்டங்கள் தோன்றுவது தெரிந்தது. ஆகவே பல கட்டுப்படுத்திகள் தேவைப்பட்டன.

பல இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங், 1909ஆம் ஆண்டில் அழைப்புகளின் நெரிசலைக் கணக்கிடத் தொடங்கினார். அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரம் ஒன்றை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். வேண்டுகோள்கள் ஒழுங்கின்றி வருகின்றன. ஒன்றைக் கவனிக்கச் சராசரியாக 1 மில்லி விநாடி ஆகிறது. அந்நேரமும் ஒழுங்கின்றிக் கூடிக் குறைகிறது. பாதிச் சுமையுள்ள கட்டுப்படுத்தியிடம் சென்ற வேண்டுகோள் 2 மில்லி விநாடியில் விடை பெறும். சுமை 90 விழுக்காடானால் 10 மில்லி விநாடி. 99 விழுக்காடானால் 100! இரு கட்டுப்படுத்திகளில் ஒன்றில் 90, மற்றதில் 10 விழுக்காடு சுமை இருந்தால், எல்லா வேண்டுகோள்களுக்கும் சேர்த்துச் சராசரி ஏறத்தாழ 9 மில்லி விநாடி. சுமையைச் சரிபாதியாகப் பிரித்தாலோ வெறும் 2. எந்திரங்களும் அவையே, மொத்த வேலையும் அதுவே. பங்கீடு மட்டுமே மாறியது!

அப்படியானால் சில ஸ்விட்சுகளை ஒரு கட்டுப்படுத்தியிடமிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் உண்மையான இடர் காத்திருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பணியை மற்றொருவரிடம் ஒப்படைக்கும் நேரத்தில் ஒரு செய்தி வருகிறது. இருவரும் கவனித்தால் முரணான கட்டளைகள் பிறக்கலாம். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இருவரும் விட்டுவிட்டாலோ ரயில் நின்றுவிடும். வலையமைப்பிலும் இவ்விரு விபத்துகளும் நேரக்கூடும்.

2011ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஓப்பன்ஃப்ளோவின் புதிய பதிப்பு, ஒரு ஸ்விட்ச் பல கட்டுப்படுத்திகளோடு தொடர்புகொள்ள இடமளித்து, அவற்றிற்கு முதன்மை, துணை, சமன் என்று நிலைகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தையும் பெல் ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைக் கொண்டு 'எலாஸ்டிகான்' என்ற முறையை அமைத்தனர். புதிய கட்டுப்படுத்தி முதலில் 'சமன்' நிலை பெறுகிறது. இனி ஸ்விட்ச் அனுப்பும் செய்திகள் இரண்டிற்கும் எட்டும். பழைய கட்டுப்படுத்தி பொய்யான விதி ஒன்றை ஸ்விட்சில் எழுதி, உடனே அழிக்கிறது. 'விதி அழிந்தது' என்ற செய்தி இருவருக்கும் வருகிறது. அதற்கு முன் வந்தவை பழையதன் பொறுப்பு. பின் வருபவை புதியதன் பொறுப்பு. பழையது மிச்ச வேலைகளை முடித்துச் சொன்னதும் புதியது முதன்மை ஆகிறது. பதிவேட்டில் கோடு கிழித்துக் கையொப்பமிடும் வழக்கத்தைப் போன்றதே இது! அழிப்பதற்கென்றே எழுதிய அந்த விதிதான் கோடு.

1938இல் மூளையைப் பிரித்த அதே ஆய்வுக்கூடம், 75 ஆண்டுகள் கழித்து மூளைகளிடையே பொறுப்பு கைமாறும் வழியைக் காண்பதிலும் பங்கேற்றது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் நேரச் செலவு உண்டு. சுமை சற்றே ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்விட்சுகளைப் பந்தாடினால், சீராக்கும் வேலையே புதிய சுமையாகிவிடும். எப்போது மாற்றுவது, எப்போது சும்மா இருப்பது என்பதை அறிவதும் இக்கலையில் சேர்ந்ததே. உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இரு டிக்கெட் கவுண்டர்களின் முன் நிற்கும் வரிசைகளை அடுத்தமுறை கூர்ந்து பாருங்கள். இச்சிக்கலின் பாதியை அங்கேயே காண்பீர்கள்.