விலக்கி வைக்கும் அதிகாரம்

மனிதன் முதலில் தனிமனிதனா, சமூகத்தின் பிள்ளையா? தனிமனிதனை முன்னிறுத்தி மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலும், சமூகத்தை முன்னிறுத்தி மைக்கேல் சாண்டல் 1982-இல் அதற்கு எழுதிய மறுப்பும் இந்த வாதத்தைப் பல்கலைக்கழகங்களில் சூடேற்றின. அதற்கு முன்பே பம்பாயில் இது வழக்காகிவிட்டது. முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தின் தலைவரான சையத்னாவுக்கு, கீழ்ப்படியாதவரை விலக்கி வைக்கும் அதிகாரம் வழிவழியாக இருந்தது. விலக்கப்பட்டவருக்குச் சமூகத்தின் மசூதி கிடையாது. இறந்தால் அதன் இடுகாட்டில் ஆறடி மண்ணும் கிடையாது. உறவினரும் பேச அஞ்சுவார்கள். பம்பாய் மாகாணம் 1949-இல் சட்டம் போட்டு இந்த வழக்கத்தைத் தடுத்தது. மீறுவோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். சையத்னா தாஹிர் சைஃபுதீன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1962 ஜனவரியில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவர் பக்கம் நின்றார்கள். கட்டுப்பாட்டைக் காக்க விலக்கி வைப்பது மத விவகாரம், அதனால் ஒருவரின் குடிமை உரிமைகள் பாதிக்கப்பட்டாலும் அது பொருட்டல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவரின் நிலையைத் தீண்டாமைக்கு ஒப்பிட்டு, சட்டம் செல்லும் என்றார்.

பெரும்பான்மையின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எல்லைக்கோடே இல்லாத சமூகம் கரைந்துபோகும். கொள்கையை மறுப்பவரையும் வைத்துக்கொள்ளச் சொல்லும் அரசு, அந்தக் கொள்கையையே அழிக்கிறது. சாண்டல் போன்ற சமூகவாதிகள் சொல்வதிலும் உண்மை உண்டு: மொழியும் சடங்கும் நம்பிக்கையும் நாம் கடையில் தேர்ந்து வாங்கியவை அல்ல, அவற்றில்தான் நாம் ஆளாகிறோம். ஆனால் இந்த உண்மையே சையத்னாவின் வாதத்துக்கு எதிராகத் திரும்புகிறது. சமூகம் ஒருவரின் ஆளுமைக்கே அடித்தளம் என்றால், அதைப் பறிப்பதைச் சங்க உறுப்பினர் அட்டையைத் திரும்பப் பெறுவதுபோல் கருத முடியுமா? பிடிக்காவிட்டால் வெளியேறலாமே என்பார்கள். மணஉறவும் வியாபாரமும் இடுகாடும் ஒரே கையில் இருக்கும்போது, வெளியேறுவது என்பது நல்லது கெட்டதுக்கு யாருமில்லாமல் நிற்பது. நம் ஊர்களில் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஆளான குடும்பங்களுக்கு இது தெரியும். மதத் தலைவர் ஒருவரைக் கொள்கைக்கு மாறானவர் என்று அறிவிக்கட்டும், மதப் பதவி தர மறுக்கட்டும். அதற்கு அப்பால் அவரது வாழ்வையும் சாவையும் பிணையாக வைக்கும் உரிமை எந்தச் சமூகத்துக்கும் இல்லை.

மகாராஷ்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிப் புதிய சட்டம் இயற்றியது. 1962 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வியை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அன்று சின்ஹா தனியாக எழுதியதே சட்டமாக வேண்டும்.