இஞ்சிவிளையைத் தட்டெழுதும் இரண்டு வழிகள்: இன்ஸ்கிரிப்டும் தமிழ்99-உம்

கேரளத்துப் பாறசாலையில் ஒரு விண்ணப்பத்தைத் தட்டித்தரச் சொன்னால் அக்ஷயா மையத்தில் மலையாளத்தில் தட்டித் தருவார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குள் வந்துவிட்டால் அதே வேலைக்கு இ-சேவை மையம் இருக்கிறது, அங்கே தமிழ். இரண்டு மேசையிலும் இருப்பது ஆங்கில எழுத்து பொறித்த ஒரே வகை விசைப்பலகைதான். விசையைத் தொட்டதும் எந்த எழுத்து வரவேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் வேறு. மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட், தமிழுக்குத் தமிழ்99. நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லை ஊர்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டில் எது பொருந்தும் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

இந்த எல்லை உருவான 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இந்த இணைப்புக்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு, ஆனால் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அப்படி நின்றுபோன தமிழருக்காகக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் ஒரு வழி செய்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம். கேரளப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைத் தாளில் இறக்க விரல் பழக வேண்டுமே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்ஸ்கிரிப்ட் 1986-இல் இந்திய அரசின் மின்னணுத் துறை கொண்டுவந்த தளக்கோலம், அதாவது விசைகளின் ஏற்பாடு. 1991-இல் இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி என்ற எழுத்துக்குறித் தரத்திலும் இடம்பெற்றது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. பிராமி வழிவந்த இந்திய எழுத்துமுறைகளில் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது அதன் அடிப்படை. இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் எதுவானாலும் 'க' கே விசையில்தான் இருக்கும். தமிழ்99 வேறொரு எண்ணத்தில் பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தரம் அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்பதில் இரண்டும் ஒன்றே. மற்றபடி தமிழ்99 தமிழை மட்டுமே மனத்தில் கொண்டு அமைந்தது.

பாறசாலையை ஒட்டியுள்ள இஞ்சிவிளையை எடுத்துக்கொள்வோம். தமிழ்99-இல் இ, ஞ, ச, இ, வ, இ, ள, ஐ என்று எட்டு விசைகள். ஞ-வுக்குப் பிறகு ச வந்தால் இடையில் புள்ளி வேண்டும் என்று மென்பொருளுக்கே தெரியும், அது தானாக ஞ்ச போட்டுவிடும். சொல்லின் முதலில் வந்த இ தனி எழுத்தாகவும் மெய்க்குப் பின் வந்த இ துணைக்குறியாகவும் மாறிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே விசை போதும், ஷிப்ட் தேவையே இல்லை. தமிழ் இன்ஸ்கிரிப்டில் அதே பெயருக்கு ஒன்பது விசைகள், கூடவே மூன்று ஷிப்ட். தனி இ-க்கு ஒன்று, ஞ-வுக்கு ஒன்று, ள-வுக்கு ஒன்று. புள்ளியையும் நாமேதான் இட வேண்டும். நெய்யாற்றின்கரை என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூடுகிறது. தமிழ்99-இல் பதின்மூன்று தட்டு. இன்ஸ்கிரிப்டில் பதினைந்து, அதோடு ற, ற, ன என மூன்று முறை ஷிப்ட்.

இதற்குக் காரணம் எழுத்துகளுக்குக் கிடைத்த இடம். தமிழின் பதினெட்டு மெய்களில் ங, ஞ, ண, ழ, ள, ற, ன ஆகிய ஏழும் இன்ஸ்கிரிப்டில் ஷிப்டின் பின்னால் போய்விட்டன. தமிழுக்கே உரிய ஒலிகளாக நாம் பெருமை பேசும் எழுத்துகள் பெரும்பாலும் இவைதாம். மேல்வரிசையில் வலக்கைக்கு ஷிப்ட் இல்லாமல் கிடைப்பவை ஹ, ஜ இரண்டே. மற்ற மொழிகளின் அதிரொலி எழுத்துகளுக்காக ஒதுக்கிய விசைகள் தமிழில் வெறுமையாகக் கிடக்கின்றன. அதே மேல்வரிசையில் தமிழ்99 ள, ற, ன, ட, ண, ச, ஞ என்று ஏழு மெய்களை வைத்திருக்கிறது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என முப்பத்தொன்றும் ஷிப்ட் இல்லாமலே வந்துவிடுகின்றன. தமிழை நாள் முழுக்கத் தட்டும் ஒருவரின் சுண்டுவிரலுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் இப்படி இடைஞ்சல் தருவதில்லை. வல்லினத்துக்கு நான்கு நான்கு வடிவம் உள்ள மொழி அது, தமிழில் வெறுமையாக நிற்கும் விசைகள் அங்கே நிரம்பியிருக்கின்றன. கூட்டெழுத்துக்கு ஒரு மெய், சந்திரக்கலை (நம் புள்ளிக்கு நிகரான குறி), இன்னொரு மெய் என்று தட்டினால் போதும், வடிவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். 1971-இல் தட்டச்சுப் பொறிக்காகக் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியபோது பல கூட்டெழுத்துகள் பிரித்து எழுதப்பட்டன. 1999-இல் ரசனா இயக்கம் பழைய வடிவங்களைக் கணினியில் மீட்டது. அப்போதும் இன்ஸ்கிரிப்ட் பழகிய விரலுக்குப் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. அதே விசைகளைத் தட்டினால் ஓர் எழுத்துருவில் பழைய லிபியும் இன்னொன்றில் புதிய லிபியும் வரும். தமிழிலும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, னை வடிவங்களை எழுத்துருவை மாற்றியே பெறலாம்.

மலையாளத்தில் எனக்கு நெருடலாகத் தெரிவது சில்லெழுத்து, அதாவது உயிர் ஏறாத மெய்க்கு உள்ள தனி வடிவம். நெய்யாற்றின்கரை என்ற பெயரின் நடுவில் வரும் ன், மலையாளத்தில் ஒரு சில்லு. 2008-இல் யூனிகோடு 5.1 சில்லுகளுக்குத் தனி இடம் தந்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என மூன்றைச் சேர்த்தே அதை எழுதினார்கள். இரண்டு முறைகளிலும் எழுதிய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. திரையில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஊர்ப் பெயரையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவது சின்னக் குறையல்ல. தமிழில் இதற்கு நிகரானது 'ஸ்ரீ'. 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ சேர்ந்த பிறகு அதற்கும் இரண்டு எழுத்துக்கோவைகள் உண்டாகிவிட்டன.

இரண்டு தளக்கோலங்களுக்கும் இடையில் இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. இன்ஸ்கிரிப்டில் ஒரு விசைக்கு ஒரு குறி. முன்னால் எதைத் தட்டினோம் என்பதைக் கணினி நினைவில் வைக்க வேண்டியதில்லை. அதனால் எந்த இயங்குதளத்திலும் எளிதாக உட்கார்ந்துகொள்கிறது, விண்டோஸில் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தமிழ்99-க்கு முன்னால் தட்டியதன் நினைவு வேண்டும், அந்த நினைவைத் தர ஒரு மென்பொருள் வேண்டும். பல ஆண்டுகள் முரசு அஞ்சலையோ இகலப்பையையோ தனியாக நிறுவித்தான் அதைப் பயன்படுத்த முடிந்தது. இகலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் எழுந்தவை. கனடாவின் வடகோடியில் இனுக்டிடுட் பேசுவோருக்கும் அதே கீமேனில் விசைப்பலகைகள் உண்டு.

இனுக்டிடுட்டின் நிலை நமக்கு ஒரு வகையில் பாடம். அங்கே ஒரு வடிவம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதைப் பொறுத்து உயிர் மாறும். ஒவ்வொரு அசைக்கும் யூனிகோடில் தனி இடம், 1999-இல் வந்த 3.0 பதிப்பில் கிடைத்தது. நுனாவுட் ஆட்சிப்பகுதி பிறந்ததும் அதே ஆண்டில்தான். அங்கேயும் அசையெழுத்தை நேராகத் தரும் விசைப்பலகை ஒரு பக்கம், ரோம எழுத்தில் தட்டுவது இன்னொரு பக்கம். 2019-இல் இனுயிட் தேசிய அமைப்பு பொதுவான ரோம எழுத்துமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. எழுத்துமுறை எவ்வளவு நேசிக்கப்பட்டாலும் விசைப்பலகை கைக்கு எட்டாவிட்டால் ரோம எழுத்து முன்னே வந்து நிற்கும். நம் பிள்ளைகள் கைபேசியில் தங்கிலீஷில் எழுதுவதும் இதே வழியில்தான் வந்தது.

எல்லை ஊர்ப் பிள்ளைக்கு வருவோம். கேரளப் பள்ளியில் கணினிப் பாடம் கட்டாயம், பத்தாம் வகுப்பில் அதற்குத் தனித் தேர்வே உண்டு. குனு லினக்ஸ் கணினியில் மலையாளம் தட்டப் பள்ளியில் பழக்குவது இன்ஸ்கிரிப்ட். அந்தப் பிள்ளை மலையாளத்தில் இஞ்சிவிளை என்று தட்டினால், அதே விரலோட்டத்தில் தமிழிலும் தட்டிவிடலாம். கடைசியில் ஐகாரத்துக்கு ஒரு விசை கூடும், அவ்வளவே. ழ, ள, ற, ண எல்லாம் மலையாளத்தில் எங்கே இருந்தனவோ தமிழிலும் அங்கேயே இருக்கின்றன. ன மட்டும் புதிதாகக் கற்க வேண்டும், அது ந இருக்கும் விசையிலேயே ஷிப்டோடு வரும். ஒரு பயிற்சி, இரண்டு மொழி. சென்னையில் இருந்து பார்த்தால் தெரியாத நன்மை இது. தமிழ்99-ஐ ஆதரித்து எழுதுபவர்கள் இன்ஸ்கிரிப்டை எளிதில் தள்ளிவிடுகிறார்கள். பாறசாலையில் நின்று பார்த்தால் அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்99-க்கு மாறுவது அந்தப் பிள்ளைக்கு எளிதும் அல்ல. கே விசையில் க என்று பழகிய விரலுக்கு அங்கே ம கிடைக்கும், எச் விசையில் இருந்த ப க-வாகிவிடும். நான் ஒப்பிட்டதில் த, ல இரண்டு மட்டுமே இரண்டு தளக்கோலங்களிலும் ஒரே இடத்தில், ஒரே முறையில் உள்ளன. ஞ-வும் அதே விசைதான், ஆனால் ஷிப்ட் வேண்டுமா வேண்டாமா என்பதில் மாறுகிறது.

இருந்தாலும் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அக்ஷயாவிலோ டிடிபி கடையிலோ உட்கார்ந்து, ஒரே மணி நேரத்தில் மலையாள மனுவும் தமிழ்க் கல்யாணப் பத்திரிகையும் தட்டுகிறவர் இரண்டுக்கும் இன்ஸ்கிரிப்டையே வைத்துக்கொள்ளட்டும். தமிழாசிரியராகவோ பத்திரிகையாளராகவோ போகப் போகிறவர், தமிழில் பக்கம் பக்கமாக எழுத ஆசைப்படுகிறவர், சில வாரச் சிரமத்தைப் பொறுத்துத் தமிழ்99-க்கு மாறிவிட வேண்டும். தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளுக்குக் கேரளப் பள்ளிகள் இரண்டையும் காட்ட வேண்டும். மென்பொருள் இலவசம், கணினியும் அங்கேயே இருக்கிறது.

நிறுவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் மொழி அமைப்புக்குள் தமிழைச் சேர்த்தால் தமிழ்99-ஐயும் தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். குனு லினக்ஸில் தமிழ்நெட்99 என்ற பெயரில் வெறும் விசை வரைபடம் ஒன்று உண்டு, அதற்கு முன்னால் தட்டியதன் நினைவு கிடையாது. எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும் தமிழ்99-ஐத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் க-வை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். க்க என்று வந்தால் சரியானது வந்திருக்கிறது. பிறகு நகக்கண் என்று எழுதிப் பாருங்கள். ந, க வந்த பிறகு அ-வை ஒரு முறை தட்டிவிட்டு மீதியைத் தட்டினால், புள்ளி விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழும்.