இரு பணி பூண்ட வைத்தியர்



நமது பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்கும் மாணவரை நோக்கி, "நீ யாராக வர விரும்புகின்றாய்?" என வினவினால், மிகப் பலர் "வைத்தியராக" என்றே விடை பகர்வர். வைத்தியராகி என்ன செய்வாய் என மேலும் கேட்டால், நோயைக் குணப்படுத்துவேன் என்பர். நோயின் காரணத்தைத் தேடுவேன் என்று கூறியவரை என் ஆசிரியப் பணியில் யான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். குணப்படுத்துபவர் வேறு, தேடுபவர் வேறு என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. இவ்விரு பணிகளையும் ஒருவரே பூணுதல் கூடுமா? கூடுமெனின் அதனால் விளையும் பயன் யாது? இதற்கு விடை தரும் வரலாறு ஒன்றை இன்று கூற விரும்புகின்றேன்.

1966 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் யோசெப் கோல்ட்ஸ்டீன், மைக்கல் பிரௌன் என்னும் இளைஞர் இருவர் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்து நண்பராயினர். அது வியட்நாம் யுத்த காலம். இளம் வைத்தியர் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டனர். அதற்கு ஈடாகப் பொதுச் சுகாதார சேவையில் இரண்டாண்டுகள் பணியாற்றவும் இடமிருந்தது. அவ்வழியே, வாஷிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள தேசிய சுகாதார நிறுவனங்களிற் சேரப் பலர் போட்டியிட்டனர். 1968 இல் அங்கு சென்றோருள் கோல்ட்ஸ்டீன், பிரௌன், ஹரல்ட் வார்மஸ், றொபேட் லெவ்கோவிற்ஸ் ஆகிய நால்வர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர்.

அந்நிறுவனத்தின் சிறப்பு யாதெனில், 1953 இல் திறக்கப்பட்ட அதன் வைத்தியசாலையில் நோயாளர் விடுதியும் ஆய்வுகூடமும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தமையாகும். கோல்ட்ஸ்டீன் மார்ஷல் நிரென்பேர்க் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்தில் உழைத்தார். அதனோடு இருதய நோயாளரையும் கவனித்தார். பிரௌன் ஏர்ல் ஸ்டட்மன் என்பவரிடம் நொதியங்களின் இயல்பைக் கற்றார்.

கோல்ட்ஸ்டீன் அங்கே கண்ட நோயாளருட் சிறுவரும் இருந்தனர். பெற்றோர் வழியாக வரும் ஒரு நோயினால் அவர்களுடைய குருதியிற் கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருள் அளவு கடந்து பெருகியிருந்தது. இந்நோய்க்குரிய குறைபாட்டைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து பெற்றோர், ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர் எனலாம். அவர்களுக்கு நடுவயதிலேயே மாரடைப்பு நேரக்கூடும். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைகள் மிகச் சிலரே. அவர்களுக்கோ பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பு வந்துவிடும். விளையாட வேண்டிய வயதிற் பிள்ளைகள் இவ்வாறு மடிவதற்குக் காரணம் யாது? இவ்வினா நண்பரிருவரையும் விடாது பற்றிக்கொண்டது.

விடை காண்பதற்கு வைத்தியத் திறன் மட்டும் போதாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். கோல்ட்ஸ்டீன் 1970 இல் சியற்றில் நகருக்குச் சென்று, ஆர்னோ மொட்டுல்ஸ்கி என்பவரிடம் பரம்பரை நோய்களைப் பற்றிய வைத்தியத்தைப் பயின்றார். அங்கு மாரடைப்பிலிருந்து தப்பிய 500 பேரின் குடும்ப வரலாறுகள் ஆராயப்பட்டன. பிரௌன் 1971 இல் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் நண்பரும் அங்கு வந்தார்.

உடலிற் கொலஸ்திரோலை ஆக்கும் நொதியமே பழுதுபட்டிருக்கும் என்று அவர்கள் முதலிற் கருதினர். நோயாளரின் தோலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, அவற்றின் கலங்களைக் கண்ணாடிக் கலன்களில் வளர்த்தனர். குருதியிற் கொலஸ்திரோலைச் சுமந்து செல்லும் துணிக்கைகளை இட்டபோது, நலமுள்ளோரின் கலங்கள் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. நோயாளரின் கலங்களோ குறைக்கவில்லை. ஆயின், கொலஸ்திரோலை மதுசாரத்திற் கரைத்து இட்டபோது நோயாளரின் கலங்களும் அடங்கின. நொதியத்திற் குறையில்லை என்பது புலனாயிற்று. அத்துணிக்கைகளைப் பற்றி உள்ளே இழுக்கும் வாயிலே அக்கலங்களில் இல்லை. அவ்வாயிலை "வாங்கி" என்பர். தம் முதற் கருத்துப் பிழையானதைக் கண்டு அவர்கள் சோர்ந்தாரல்லர், அப்பிழையே வழிகாட்டிற்று. 1985 இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கிடையே யப்பானில் அகிரா எண்டோ என்னும் அறிஞர் பூஞ்சணம் ஒன்றிலிருந்து அந்நொதியத்தைத் தடுக்கும் பொருளைக் கண்டறிந்து, 1976 இல் வெளியிட்டார். அவ்வகை மருந்து கொடுத்தால் ஈரற் கலங்கள் வாங்கிகளைப் பெருக்கிக் குருதியிலுள்ள கொலஸ்திரோலை இழுத்துக்கொள்ளும் என்பதை டலஸ் அறிஞர் காட்டினர். 1987 இல் அவ்வினத்தைச் சேர்ந்த மருந்தொன்று அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளிலும் முதியோர் பலர் உட்கொள்ளும் ஸ்டற்றின் மாத்திரைகள் அவ்வினத்தனவே.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. வைத்தியருக்கான கட்டாய சேவை 1973 இல் ஓய்ந்தது. ஆராய்ச்சி புரியும் வைத்தியர் அருகி வருகின்றனர் என்று ஜேம்ஸ் வின்காடன் என்னும் பேராசிரியர் 1979 இல் எச்சரித்தார். வியப்பதற்கில்லை. விசேட வைத்தியப் பயிற்சியே பல ஆண்டுகளை விழுங்குவது. அதன்மேல் ஆராய்ச்சிக்கும் ஆண்டுகள் வேண்டும், ஊதியமோ குறைவு. நோயாளி காத்திருக்க முடியாது. பரிசோதனையையோ விரைவுபடுத்த முடியாது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவருக்குக் காலத்தை ஒதுக்கிக் கொடுப்பது நிறுவனங்களின் கடமையாகும். கோல்ட்ஸ்டீனும் பிரௌனும் ஆற்றலினால் மட்டும் வெற்றி பெற்றவரல்லர். அக்காலம் அவர்களுக்குக் கிடைத்தது.

பெற்றோரே, வைத்தியப் பட்டம் பெற்ற உங்கள் மகனோ மகளோ மேலும் சில ஆண்டுகள் ஆய்வுகூடத்திற் கழிக்க விரும்பினால், "இன்னும் எத்தனை காலம் படிப்பாய்?" எனச் சலித்துக் கொள்ளாதீர்கள். நோயாளியின் அருகிருந்தோர் எழுப்பிய வினாவுக்கு அவர்களே தேடிக் கண்ட விடை, அவர்கள் ஒருபோதும் காணாத எண்ணற்ற மக்களுக்கு இன்று மருந்தாகிப் பயன்படுகின்றது.