தொடுவுணர்ச்சியை அளந்த வரலாறு



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி களிமண்ணைத் தொட்ட மாத்திரத்திலேயே அதன் பதத்தை அறிவான். அவனுக்கு விரல்நுனியே மூலதனம். அந்த உணர்ச்சி குறைந்தால், எவ்வளவு குறைந்தது என்று அளக்க இயலுமா? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்ததற்கு நான் செய்த பிழையொன்றே காரணம்.

1985ஆம் ஆண்டு, மங்களூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் மாணவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் கையும் கூசவில்லை; முகமும் மாறவில்லை. திமிர் என்றெண்ணி மேலும் ஓரடி கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து வந்த சுகாதார ஊழியர், அவனைக் கண்மூடச் செய்து, பேனா முனையால் உள்ளங்கையைத் தொட்டார். பையன் அறியவேயில்லை. தொழுநோய் அவன் நரம்பைத் தாக்கியிருந்தது. நான் தலைகுனிந்தேன்.

இந்நோயால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்றே உலகம் நெடுங்காலம் நம்பிற்று. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் உண்மையைக் கண்டறிந்தார். வலி தெரியாமையால் சூடும் காயமும் படுகின்றன. இரவில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. விரல்கள் அழிவது இவற்றால்தான். ஆகவே, உணர்ச்சி எங்கே குறைகிறது என்று முன்கூட்டி அறிவது இன்றியமையாததாயிற்று.

அதற்குரிய கருவியின் வித்து ஜெர்மனியில் விழுந்தது. 1890களில் மாக்ஸ் வான் பிரே என்னும் அறிஞர் பல்வேறு பருமனுள்ள மயிர்களால் தோலை அழுத்திச் சோதித்தார். மயிர் வளைந்துவிட்டால் அழுத்தம் அதற்குமேல் ஏறாது. எனவே ஒவ்வொரு மயிரும் ஓர் எடைக்கல்லாயிற்று. பின்னர் அமெரிக்காவில் செம்மெஸ், வெயின்ஸ்டைன் முதலியோர், மூளையில் காயமுற்ற போர்வீரரை ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட நூலில், மயிருக்குப் பதிலாக நைலான் இழைகளைக் கையாண்டனர்.

இன்று தொழுநோய் மருத்துவத்தில் 0.05 கிராம் முதல் 300 கிராம் வரை விசை தரும் இழைகள் வழங்குகின்றன. நீரிழிவு நோயாளியின் பாதத்தை 10 கிராம் இழையால் தொடுகின்றனர். அதனை உணராத பாதம் முள்ளுக்கும் கல்லுக்கும் இரையாகக் கூடும்.

அளப்பதனால் பயன் என்ன? தொழுநோயில் உணர்ச்சி குறைந்து ஆறு மாதங்களுக்குள் கண்டுகொண்டால், உரிய மருந்தால் நரம்பு பலருக்குத் தேறுகிறது. காலம் கடந்தால் அந்த வாய்ப்பு அரிதாகிவிடும்.

ஆசிரியத் தோழர்களே, அடியை உணராத கையைக் கண்டு சினங்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுவே.